வசந்தாமணி வீட்டுச் சிங்கமீன்

மருதாசலம் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பிய அன்று விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். சொன்னவன் லாரியில் ஏறிப் போய்விட்டான். கேட்டவள்தான் அந்த வார்த்தையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்து தவித்தாள்.

கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குனிந்து, உள்ளே இறக்கையை விரித்துக்கொண்டு நின்ற மீனைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "இத பாரு வசந்தா, இந்த மீனு நல்லா இருந்துதுன்னா நானும் நல்லா இருக்கறேன்னு நெனச்சுக்க. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு ஆன மாதிரி."

"கெளம்பறப்பப் பேசற நாயமா இது?" என்றாள் வசந்தாமணி.

அவன் சிரித்தான். சக்கரத்துக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி தெருமுனை திரும்பியது. எண்பத்து மூன்றாம் வருஷத்துப் புரட்டாசி அது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. விடிந்தால் பொழுதுபோகும் வரைக்கும் சுத்தியல் சத்தமும் வெல்டிங் நாற்றமும்தான். மருதாசலத்துக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி, ஓட்டுகிறவனும் அவனேதான். வெகுநாள் தூத்துக்குடி உப்புத்தான் அடித்துக்கொண்டிருந்தான். அங்கே சங்கு குளிக்கிற ஆள் ஒருவருக்கும் அவனுக்கும் டீக்கடைப் பழக்கம். அந்த ஆள்தான் ஒருநாள் பிளாஸ்டிக் கேனில் கடல்தண்ணீரோடு இந்த மீனைக் கொடுத்தார். செங்கல் நிறத்தில் ஒரு கோடு, வெள்ளையில் ஒரு கோடு, உடம்பெல்லாம் அப்படித்தான். இரண்டு பக்கமும் மயில் தோகையைக் கிழித்து ஒட்டினாற்போல் இறக்கை. முதுகில் வரிசையாக ஈர்க்குச்சி போல முள். அந்தப் பக்கத்து ஆட்கள் அதற்கு என்னவோ பேர் சொன்னார்களாம், அது மருதாசலத்தின் வாயில் நிற்கவில்லை. பிடரியும் மிடுக்கும் இருக்கிறதே என்று சிங்கமீன் என்று தானே பேர் வைத்துக்கொண்டான்.

பேர் வைத்தவனைத்தான் அது முதலில் குத்தியது. கோவில்பட்டி தாண்டி லாரியை நிறுத்தி, மீன் இருக்கிறதா செத்ததா என்று கேனுக்குள் கையை விட்டிருக்கிறான். முழங்கை வரைக்கும் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வை என்று சங்குக்காரர் சொல்லியிருந்தது ஞாபகம் வர, ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்து, கொஞ்சம் ஆறவிட்டு, அதில் கையை அமுக்கிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தானாம். இதை ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். வசந்தாமணி மட்டும் ஒருநாளும் சிரிக்கவில்லை.

தொட்டியைப் பாடி பட்டறையில்தான் கட்டினார்கள். ஆங்கிள் இரும்பில் சட்டம், அதற்குள் லாரிக் கண்ணாடி, சந்தெல்லாம் அடைக்க மக்குப் பசை. லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர் கை சும்மா இருக்குமா, நாலு மூலைக்கும் தாமரைப்பூ வரைந்து, அடிச்சட்டத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வசந்தாமணி அதன்மேல் கம்பிவலையைப் போட்டு, பிள்ளைகள் கை விடாமல் இருக்க அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

தண்ணீருக்குள் காற்று விட சேலத்திலிருந்து ஒரு குட்டி மோட்டார் வந்தது. கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும். அதற்கு மருதாசலம் ஒரு வழி வைத்திருந்தான். லாரி டியூப் ஒன்றில் புஸ்ஸென்று காற்றடித்து, அதன் வாயில் சன்னமான ரப்பர் குழாயை மாட்டி, கொஞ்சமாகத் திறந்து குழாயின் மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டுவிடுவான். அரைநாளைக்கு அது கொப்புளம் விட்டுக்கொண்டே இருக்கும். பஞ்சர் கடைக்கு டியூப்பை உருட்டிக்கொண்டு போய்க் காற்றடித்து வருவது வசந்தாமணியின் வேலையாகிப்போனது.

சாப்பாடு அதைவிடத் தொந்தரவு. செத்ததை அது தொடாது. சின்னான் என்கிறவர் ஏரியில் துணிபோட்டுப் பிடித்து வருகிற கெண்டைக் குஞ்சுகளை உயிரோடு விட வேண்டும். ஏரி மீன் உப்புத் தண்ணீரில் தாங்காது, அதற்குள் இது பார்த்துவிட வேண்டும். இறக்கையை விரித்து ஒரு மூலையில் ஒதுக்கி, திடீரென்று வாயைப் பை மாதிரித் திறக்கும். குஞ்சைக் காணோம். வசந்தாமணி அந்த நேரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புரட்டாசிச் சனிக்கிழமையில் அதற்கும் ஒன்றும் போடமாட்டாள்.

"அதும் இந்த ஊட்டுலதான இருக்குது. ஒருசந்தி இருந்துட்டுப் போவுட்டும்" என்பாள்.

பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சுப்பம்மாள் நல்ல மனசுக்காரிதான், ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

உப்பு லோடு இருந்தவரைக்கும் போகும்போதெல்லாம் டிரம்மில் கடல்தண்ணீர் வந்தது. பம்பாய் ரூட்டுக்கு மாறியதும் அது நின்றது. மருதாசலம் ஒரு மூட்டை தூத்துக்குடி உப்பை வீட்டில் இறக்கிப் போட்டு யோசனை சொன்னான்.

"தண்ணி கொறைஞ்சா வாளியில உப்பக் கரை. முட்டை ஒண்ணப் போடு. மெதந்துதுன்னா கடல்தண்ணி. அள்ளி ஊத்திப்போடு."

"உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"உப்பளத்துப் பாத்தியில முட்டை மெதக்கறத என்ற கண்ணால பாத்திருக்கறேன். பாத்திக்கு எங்கிருந்து தண்ணி வருது? கடல்ல இருந்துதான?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. முட்டைக்கு நாமக்கல்லில் பஞ்சமா. அவளும் அப்படியே செய்தாள்.

அவன் போன முதல் வாரம் பயம் இல்லை. பம்பாயில் இறக்கிவிட்டார்கள், திரும்பு லோடு பார்க்கிறார்கள் என்று லாரி ஆபீசிலிருந்து தகவல் வந்தது. மேகம் மூடாமல் வெயில் காய்ந்ததில் தொட்டித் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. இறங்க இறங்க அவள் உப்பைக் கரைத்து, முட்டையை மிதக்கவிட்டுப் பார்த்து, ஊற்றிக்கொண்டே வந்தாள்.

வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெடியால வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். மீன் இறக்கையைச் சுருட்டிக்கொண்டு மூலையில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கையில் இருந்த சாணி வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை, அப்படியே நின்றாள்.

சின்னான் கொண்டுவந்த குஞ்சுகளை விட்டுப் பார்த்தாள். அவை ஒவ்வொன்றாக மல்லாந்தன. சிங்கமீன் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, இது தின்னாதுங்க" என்றார் சின்னான். "மூச்சு வாங்குதுங்க. உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கற மாதிரி இருக்குது."

"வாய மூடுங்க" என்றாள் வசந்தாமணி. அவரை ஒருநாளும் அவள் அப்படிப் பேசியதில்லை. பிறகு தானே ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

லாரி ஆபீசுக்கு மூத்த பிள்ளையை அனுப்பினாள். அங்கே வெங்கடாசலம் என்று ஒரு கிளார்க், போனும் புக்கிங்கும் அவர் கையில். "வந்துருவாருன்னு சொல்லச் சொன்னாரும்மா" என்று பிள்ளை வந்து சொன்னது. எப்போது வருவார், எங்கே இருக்கிறார் என்பதற்கெல்லாம் பதில் இல்லை.

திங்கட்கிழமை மீன் இன்னும் கெட்டது. கண்மேல் ஆடை கட்டினாற்போல் ஒரு வெள்ளை. வசந்தாமணி மூன்று தரம் சாமி விளக்கை ஏற்றினாள், மூன்று தரமும் ஏன் ஏற்றினோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மீனாவது, ஆளாவது, ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். சொன்ன மாத்திரத்தில் லாரி ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்து கிடப்பது கண்ணுக்குள் வந்தது. அந்த லாரியின் நெற்றியில் அவர்கள் குலசாமி பேர் எழுதியிருந்தது.

சுப்பம்மாள் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"உப்பு பத்தலீன்னு நெனைக்கறேன் வசந்தா. கடல்ல பொறந்தது. இன்னுங் கொஞ்சம் கரைச்சு ஊத்து."

"முட்டை மெதக்குதேக்கா."

"மெதந்தா என்ன, நல்லாத் துள்ளி மெதக்கோணும்."

வசந்தாமணி உப்பு மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி வாளியில் போட்டாள். கரைத்தபடியே அடுப்பங்கரைக்குப் போனாள். புளிக்குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு மறந்துபோயிருந்தாள். அது சுண்டிப்போய்ச் சட்டி ஓரமெல்லாம் பொருக்குக் கட்டி நின்றது. கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரே கரிப்பு. கை தானாகச் சொம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்றியது.

ஊற்றிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

சுண்டிப்போன குழம்பில் எவளாவது உப்பைப் போடுவாளா. தண்ணீர்தானே ஆவியாகப் போகிறது, உப்பு எங்கே போகிறது? அவள் ஓடிவந்து தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பார்த்தாள். தாமரைப்பூ மறையும்படி வெள்ளைவெளேரென்று பொருக்கு. விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து அதையும் வைத்தாள். தொண்டை வரைக்கும் எரிந்தது. கல்யாணமான புதிதில் அவன் அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனபோது அலை வந்து வாயில் அடித்திருக்கிறது. அந்தத் தண்ணீர் கரித்ததே தவிர இப்படிக் கடுகடுக்கவில்லை. பாத்தியில் அவர் பார்த்தது வெயிலில் காய்ந்து சுண்டிய தண்ணீர் அல்லவா. அதில் முட்டை என்ன, அம்மிக் குழவியே மிதக்கும்.

"அக்கா, இதுக்கு வேண்டியது நல்ல தண்ணி" என்றாள்.

"கடல்மீனுக்குக் கெணத்துத் தண்ணியா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? மருதாசலம் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"வரட்டும். வந்து கேக்கட்டும்."

"செத்துப்போச்சுன்னா?"

செத்துப்போனால், தன் கையால் ஊற்றிய தண்ணீரில் செத்ததாகும். ஊற்றாவிட்டாலும் சாகப்போகிறது. வாளியில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை வாசலில் கொண்டுபோய்க் கொட்டினாள். தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வெளியே ஊற்றினாள். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு உள்ளே, ஓரமாக, மீன்மேல் படாமல் விட்டாள். பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டியவள் மாதிரி இருந்தது அவள் உட்கார்ந்திருந்த தோரணை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொம்பு. அன்று வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. பிள்ளைகள் அந்தக் குழம்பையே ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம், பொழுதோட, மீன் நிமிர்ந்தது. ஒரு பக்க இறக்கை முதலில் விரிந்தது, பிறகு மறுபக்கம். புதன்கிழமை சின்னான் கொண்டுவந்த குஞ்சில் ஒன்றை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

வசந்தாமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இனி அவர் வந்துவிடுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இருக்கிற ஒரு இளம்பிள்ளை ஊர்த் தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவனுக்குப் பிடித்த பச்சப்பயிறு கடைந்து வைத்தாள். தெருவில் ஏர் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனாள். எல்லாம் பட்டறைக்கு வந்த லாரிகள்.

அன்றும் அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. கடைந்து வைத்த பயிறு புளித்துப்போனது.

மீன் தொட்டிக்குள் தோகையை விரித்துக்கொண்டு ராஜா மாதிரி உலாத்தியது. அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதை வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் வெள்ளை போய்விட்டது. வயிறு நிறைந்திருந்தது. அதற்கு ஒரு கவலையும் இல்லை. நீ தின்றுவிட்டு நிற்கிறாய், அவர் எங்கே என்று கேட்கத் தோன்றியது. அதனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது. இத்தனை நாளும் ஆளைத் தேடாமல் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று சுருக்கென்றது.

சேலையை உதறிச் செருகிக்கொண்டு அவளே லாரி ஆபீசுக்குப் புறப்பட்டாள். அங்கே பெண்பிள்ளைகள் போகிற வழக்கமில்லை. டிரைவர்களும் கிளீனர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அப்படி நின்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க அக்கா. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? சொல்லியனுப்புனா நானே வந்திருப்பேனே" என்று வெங்கடாசலம் எழுந்தார்.

"அவரு எங்கீங்க தம்பி இருக்கறாரு?"

"வந்துருவாருங்க. திரும்பு லோடு லேட்டாவுதுங்க."

"எந்த ஊர்ல லேட்டாவுது?"

வெங்கடாசலம் பேனா மூடியைத் திருகினார். "அந்தப் பக்கந்தானுங்க."

வசந்தாமணி அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "அந்தப் பக்கத்துக்குப் போன் போடுங்க. அவரு கொரல நாங் கேக்கோணும். கேக்காம எந்திரிக்க மாட்டேன்."

"டிரங்கால் கெடைக்க நேரமாவுமுங்க."

"ஆவுட்டும். எனக்கொண்ணும் வேலையில்ல."

அவர் போனை எடுக்கவில்லை. டீ வரவழைத்தார், அவள் குடிக்கவில்லை. ஆபீசில் ஆள் வந்தார்கள், போனார்கள். அவள் பெஞ்சில் இருந்தபடியே இருந்தாள். கடைசியில் அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க அக்கா. கோலாப்பூர்ல ஆசுபத்திரியில இருக்கறாருங்க. மஞ்சக்காமாலை. கிளீனர் கூட இருக்கறான். உசுருக்கு ஒண்ணுமில்லீங்களாம். ஊட்டுக்குச் சொல்லோண்டாமுன்னு அவருதான் சொன்னாரு."

"எதுக்குச் சொல்லோண்டாமாம்?"

"அவ வந்துட்டா மீனு செத்துப்போவும், அதைப் பாத்துக்கிட்டு அங்கயே இருக்கட்டும்னு..."

வசந்தாமணியின் முகம் சிவந்தது. பயம் எல்லாம் கோபமாகத் திரண்டு வந்தது, அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, இல்லாவிட்டால் அங்கேயே விழுந்திருப்பாள்.

"என்ற தம்பி வேலுமணி எந்த லைன்ல இருக்கறான்?"

"பெங்களூர் லோடு ஏத்திட்டு இருக்கறாருங்க. பொழுதோட கெளம்பறாரு."

"அவனைக் கோலாப்பூருக்குத் திருப்பி உடுங்க."

"லோடு மாத்தோணுமுங்க அக்கா, அது மொதலாளியக் கேட்டு..."

"கேளுங்க."

கேட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்த காரணத்தினால்தான் கேட்டார் என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளைச் சுப்பம்மாளிடம் ஒப்படைத்தாள். கொல்லையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றினாள். சுப்பம்மாள் பின்னாலேயே நடந்தாள்.

"புள்ளைங்களைப் பாத்துக்கறேன் அம்மிணி. இந்தச் சனியனை நான் எப்பிடிப் பாக்கறது? டியூப்பை உருட்ட எனக்குத் தெம்பில்ல. செத்துகித்துப் போச்சுன்னா என்ற மேல பழி போடாத."

வசந்தாமணி துணிமூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"செத்தாச் சாவுட்டும்" என்றாள்.

சொன்ன பிறகு ஒரு கணம் நின்றாள், ஏதாவது இடிந்து விழுமோ என்று பார்க்கிறவள் மாதிரி. ஒன்றும் விழவில்லை. வாசலில் வேலுமணி ஹாரன் அடித்தான்.

லாரி கேபினில் அவள் அவ்வளவு தூரம் போனதேயில்லை. தொப்பூர் மலையேறும்போது கண்ணை மூடிக்கொண்டாள். வேலுமணி, "அக்கா, நீ மூடிக்க, நான் தொறந்துதான் இருக்கறேன்" என்றான். அதற்கும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹூப்ளி தாண்டுகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆசுபத்திரியில் மருதாசலம் கட்டிலில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தான், கண் மஞ்சள், நகம் மஞ்சள். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் படுத்தான்.

"நீ எதுக்கு வந்த? மீனை ஆரு பாக்கறாங்க?"

"பேசாதீங்க" என்றாள். கீழாநெல்லியை அரைக்க ஒரு கல் தேடிக்கொண்டு போனாள்.

அவனை ஊருக்குக் கொண்டுவருகிற அளவுக்குத் தேற்ற அவளுக்கு அந்த மாதம் முடிந்தது. டாக்டர் மருந்து ஒருபக்கம், அவள் அரைத்துக் கொடுத்தது ஒருபக்கம், எது கேட்டதோ அவளுக்குக் கவலையில்லை. திரும்பி வந்த அன்று நடுப்பகல். கோலாப்பூரில் நின்றிருந்த மருதாசலத்தின் லாரியை வேலுமணியே ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். சுப்பம்மாள் தன் வீட்டு நடையில் நின்றாள். வழக்கம்போல் ஓடி வரவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வசந்தாமணி கேபினிலிருந்து இறங்கி அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"எப்பக்கா?"

"முந்தாநேத்து அம்மிணி. கரண்டு போயிருச்சு. சின்னான் டியூப்பை உருட்டிக்கிட்டுப் போயி காத்தடிச்சுட்டு வர்றதுக்குள்ள..." சுப்பம்மாள் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நான் என்ன பண்ணட்டும்? உனக்கு எப்பிடிச் சொல்லறதுன்னு நேத்தெல்லாம் சோறு எறங்கல."

மேலே மருதாசலம் கதவுக் கம்பியைப் பிடித்தபடி, போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"அக்கா என்ன சொல்லறாங்க? மீனு?"

"செத்துப்போச்சுங்க" என்றாள் வசந்தாமணி.

அவள் அவனையே பார்த்தாள். மஞ்சள் தெளிந்த கண், வெயிலுக்குச் சுருங்கி, கூசி, அவளைத் திருப்பிப் பார்த்தது.

"அக்கா, அழுவறத அப்பறம் வெச்சுக்கலாம், இந்தப் பக்கம் வாங்க" என்று சுப்பம்மாளைக் கூப்பிட்டாள். "இவருக்குக் காலு இன்னும் நடுங்குது. நீங்க அந்தக் கையைப் புடிங்க. மெதுவா எறக்கோணும்."